ஒரு பெயர்தான் அனுப்பலாம்

ஸ்ரனிஸ்லாஸ், தன் மகளுக்கு ஐஸ் ஹொக்கி பழக்குகிற கம்சனாவோடு மூன்று கிழமையாகக் கதைப்பதில்லை. ஆனால் அவள் காதில் விழவேண்டியதையெல்லாம் விழுத்திக்கொண்டுதான் இருந்தார். செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்குப் பனிக்கூடம் திறந்தால், வேலை உடுப்புக்கூட மாற்றாமல் வந்து கோல் வலைக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடித் தடுப்போடு ஒட்டி நிற்பார். அவர் பேசுவது ஆரோடுமில்லை, காற்றோடு.

"வெள்ளைக்குப் பந்தம் பிடிக்கிறதுக்கெண்டே சில பேர் பிறந்திருக்கினம்" என்பார். "எங்கட முகத்தைக் கண்டாத்தான் அவைக்குக் கழுத்துச் சுளுக்கும்."

சுற்றி நின்ற தாய் தகப்பன்மாரில் ஒருவருக்கும் அது விளங்காது. அந்தக் கூடத்தில் அது விளங்கிய வளர்ந்த ஆள் கம்சனா ஒருத்திதான். அது அவருக்கும் தெரியும், தெரிந்துதான் சொல்வது.

கம்சனாவுக்கு முப்பத்தொரு வயது. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் பிறந்து வளர்ந்தவள். பகலில் பிசியோதெரபி நிலையமொன்றில் வேலை. கிழமையில் இரண்டு பின்னேரம் இந்த ஐஸ் ஹொக்கிக் கழகத்தில், பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட அணியின் கோல்கீப்பர்களைப் பழக்கினாள். அது மற்றப் பிள்ளைகளைப் பழக்குவதுபோல் இல்லை. மற்றவர்களுக்கு ஓடப் பழக்கலாம், அடிக்கப் பழக்கலாம். இந்தப் பிள்ளைக்கோ, கல்லுமாதிரி ஒரு றப்பர் வட்டு முகத்துக்கு நேரே வரும்போது விலகாமல் நிற்கப் பழக்கவேண்டும். உடம்பு ஓடு என்று சொல்லும், நீ நில் என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லுகிற ஆளைப் பிள்ளை நம்பாவிட்டால் ஒன்றும் நடவாது.

அவளிடம் இரண்டு கோல்கீப்பர்கள் இருந்தார்கள். ஒருவன் யானிக், அமைதியான பெடியன்; பெரிதாக ஒன்றும் பிடிக்கமாட்டான், பெரிதாகப் பிழையும் விடமாட்டான். மற்றது ஸ்ரனிஸ்லாஸின் கடைசி மகள் லவினியா. பன்னிரண்டு வயது. அடிக்கிறவனின் தோளைப் பார்த்தே வட்டு எங்கே வருமென்று அவளுக்குத் தெரியும். தெரிந்து கையுறையை விரித்து வைத்துக்கொண்டு, வா என்பதுபோல நிற்பாள்.

வருகிற ஞாயிறு மாநில இளையோர் அணிக்குத் தேர்வு. ஒரு கழகத்திலிருந்து ஒரு கோல்கீப்பரின் பெயர்தான் அனுப்பலாம். அதற்கு முந்தின வியாழன் மாலை ஆறு மணிக்குள் கம்சனா அதை அனுப்பவேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம். இலையுதிர்காலம் வரை, அது லவினியாவின் பெயர்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஐப்பசியில்தான் எல்லாம் குழம்பியது. நேரே வருகிற வட்டை முந்திமாதிரியே பிடித்தாள். ஆனால் வலையின் ஒரு கம்பத்திலிருந்து மற்றக் கம்பத்துக்குப் பக்கவாட்டில் வழுக்கிப் போகவேண்டிய நேரத்தில், பாதி வழியில் கால் இடறும். உடம்பு போகும், கால் போகாது. சில வேளை முகம் குப்புற விழுவாள். யானிக் அதே தூரத்தைச் சோம்பல் முறித்துக்கொண்டு போவதுபோலப் போவான்.

வளர்கிற வயது, கால் நீண்டுவிட்டது என்று முதலில் கம்சனா நினைத்தாள். பிறகு பயம் என்று நினைத்தாள். மார்கழி வந்தபோது பஞ்சி, வெறும் சோம்பல் என்றே முடிவு கட்டிவிட்டாள். தள்ளு, வழுக்கு, தள்ளு என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒட்டுது என்று பிள்ளை ஒரு நாள் சொன்னது. பனி ஒட்டாது, மனமில்லாத கால்தான் ஒட்டும் என்று எல்லோருக்கும் முன்னால் டொய்ச் மொழியில் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் ஸ்ரனிஸ்லாஸ் அவளோடு கதைப்பதை நிறுத்தினார்.

லவினியாவோடு அவள் டொய்ச்சில்தான் பேசுவாள். அதற்கொரு காரணம் இருந்தது. லவினியா சேர்ந்த முதல் மாதம் யானிக்கின் தாய் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள்: உங்கள் இருவருக்கும் ஒரு இரகசியப் பாஷை இருக்கிறது, இனி எங்கள் பிள்ளைக்கு எங்கே இடம் கிடைக்கப்போகிறது. பகிடிதான். ஆனால் கம்சனாவுக்கு அது நெஞ்சில் முள்ளாய் இறங்கிவிட்டது. அன்றோடு ஒரு கோடு கீறினாள். லவினியாவுக்கு ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. பழக்கம் தொடங்கமுன் யானிக்கின் முன்னால் முழங்காலில் இருந்து கால்மெத்தையின் பட்டியை இறுக்குவாள், சறுக்குச் சப்பாத்தின் அடியில் இருக்கிற இரும்பு அலகை நகத்தால் தடவிப் பார்ப்பாள். லவினியாவைப் பார்த்து, நீ கெட்டிக்காரி, உன்னுடையதை நீயே பார் என்று விட்டுவிடுவாள். லவினியாவின் தாய் சிசிலி ஒரு தடவை ரோல்ஸ் செய்து பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட, பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினாள்.

தன் ஆள் என்று சலுகை காட்டக்கூடாது என்பது அவளுடைய நியாயம். நியாயம் என்று நினைத்துச் செய்கிற அநியாயத்துக்குத்தான் கை கூசாது.

அந்த வியாழன், ஐந்து மணிக்குக் கடைசிச் சோதனை. ஒரு பக்கம் வட்டைக் காட்டி மற்றப் பக்கத்துக்குத் தட்டுவது, பத்துத் தரம். யானிக் ஏழைத் தடுத்தான். லவினியா மூன்றைத் தடுத்தாள், நாலு தரம் விழுந்தாள். நாலாவது தரம் விழுந்து எழும்பாமல் கிடந்தபோது, எழும்பு, நேரம் போகுது என்றாள் கம்சனா.

ஸ்ரனிஸ்லாஸ் கண்ணாடியில் கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார். கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் சுற்றிக்கொண்டு, பனியில் இறங்குகிற வாசலான ஓரத்துப் படலைக்கு வந்தார். கம்சனா சறுக்கிப் போய், உள்ளே வர அனுமதி இல்லை என்று டொய்ச்சில் சொன்னாள்.

"தமிழில சொல்லு" என்றார் அவர். "உன்ர அப்பர் என்னோட ஒரே அகதிக் காம்பில இருந்தவர். உனக்குத் தமிழ் தெரியாதெண்டு எனக்குக் காட்டாதை."

"அண்ணை, பிள்ளையளுக்கு முன்னால வேண்டாம்."

"பிள்ளையளுக்கு முன்னாலதானே என்ர பிள்ளையைப் பஞ்சியெண்டனீ. அந்தப் பெடியனுக்கு முன்னால ஒவ்வொரு நாளும் முழங்காலில இருக்கிறாய். என்ர பிள்ளையின்ர சப்பாத்தை ஒரு நாள் தொட்டிருக்கிறியோ? ஒரேயொரு நாள்?"

எதிரில் நின்ற மனுசன் சொன்னது உண்மை. கோபம் தலைக்கேறியது, அது அவர்மேலா தன்மேலா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. நேரே லவினியாவிடம் போனாள். ஓரத்து வாங்குப் பலகையில் இருத்தி, முன்னால் முழங்காலில் இருந்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். அவருக்குக் காட்டவென்றுதான் செய்தாள். பெருவிரல் நகத்தை அலகின் விளிம்பில் வைத்து மெல்ல இழுத்தாள்.

நகம் சீவுப்பட்டுச் சுருளாக வந்தது.

"இதை ஆர் சாணை பிடிச்சது?"

"நான்தான்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். குரலில் பெருமை இருந்தது.

அவர் இரும்பு உருளைகளுக்குச் சாணை பிடிக்கிற தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்கிறவர். தலைமயிரில் பத்திலொரு பங்கு பிசகினாலும் அவருடைய விரல் சொல்லிவிடும். ஐப்பசியில் மகளின் சப்பாத்து கூடத்துச் சாணை அறையிலிருந்து திரும்பி வந்தபோது தடவிப் பார்த்திருக்கிறார். மொட்டையாக இருந்திருக்கிறது. மூத்தவன் நிலக்ஷன் முன்வரிசையில் விளையாடிய காலத்துச் சப்பாத்து வீட்டில் கிடந்தது, அதையும் தடவிப் பார்த்தார். அது கத்தி. அப்போதே அவருக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தார்: கறுத்தப் பிள்ளைக்கு மொட்டை அலகு போதுமென்று விட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் அவருக்கு எத்தனையோ இடத்தில் மொட்டையானதைத் தந்திருக்கிறார்கள். கேட்கப் போகவில்லை. கேட்டால் சிரிப்பார்கள், ஒரு படிவம் தருவார்கள். சப்பாத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், அலகின் நடுப்பள்ளத்தை ஆழமாக்கி, இரண்டு விளிம்பையும் கடதாசி வெட்டுகிற கூருக்குக் கொண்டுவந்தார். இரண்டு கிழமைக்கு ஒரு தரம், பிசகாமல்.

இதையெல்லாம் அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். கேட்கக் கேட்கக் கம்சனாவின் முகம் வெளிறியது.

ஓடுகிற பிள்ளைக்குத்தான் அந்தக் கூர் வேண்டும் என்று அவள் சொன்னாள். கோல்கீப்பர் பக்கவாட்டில் வழுக்கவேண்டும், அதற்குப் பள்ளம் குறைந்த, மொட்டையான அலகு. கூராக்கினால் அது பனியைக் கடித்துப் பிடிக்கும், காலை விடாது.

"மொட்டைக் கத்தியோட என்ர பிள்ளையைச் சண்டைக்கு அனுப்பச் சொல்லுறாய்" என்றார் அவர்.

கம்சனா யானிக்கைக் கிட்டக் கூப்பிட்டாள். யானிக்கின் காலைத் தூக்கி, தடவிப் பாருங்கோ என்றாள். அவர் தடவினார். இன்னொரு தரம் தடவினார். இருபத்தெட்டு வருட விரல் அல்லவா, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. கையை எடுத்து ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கம்சனா லவினியாவின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சாணை அறைக்கு ஓடினாள். அலகை மொட்டையாக்கித் திரும்பி வர இருபது நிமிடம் எடுத்தது. அந்த இருபது நிமிடமும் தகப்பனும் மகளும் ஒரே வாங்கில் இரண்டு முனையில் இருந்தார்கள்.

லவினியா திரும்பப் பனியில் இறங்கினாள். இடப்பக்கக் கம்பத்தில் நின்று தள்ளினாள். மூன்று மாதமாகக் கடித்துப் பிடித்த பனியை உதைத்து உதைத்துப் பழகிய கால். இப்போது பிடிக்க ஒன்றுமில்லை. வலப்பக்கக் கம்பத்தைத் தாண்டி, வலையை விட்டே வெளியே வழுக்கிப் போய் விழுந்தாள். திரும்பவும் தள்ளினாள். திரும்பவும் தாண்டினாள். பின்னால் வலை வெறுமையாய்த் திறந்து கிடந்தது.

மணி ஐந்து நாற்பது. கம்சனா படலையடிக்கு வந்து கைபேசியை எடுத்தாள்.

"இப்ப தெரியுந்தானே பிழை பிள்ளையில இல்லையெண்டு" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "அவளின்ர பேரைப் போடு."

"ஏலாது அண்ணை."

"நான் விட்ட பிழைக்கு அவளைத் தண்டிக்கப்போறாய்."

"நீங்கள் விட்டது ஒரு பிழை. நான் மூண்டு மாசம் பாக்காமல் விட்டது அதைவிடப் பெரிசு. ஆனா ஞாயிற்றுக்கிழமை அங்க வலைக்குள்ள நிக்கப்போறது நானுமில்லை, நீங்களுமில்லை. இந்தக் காலோட அனுப்பினால் விழுவாள். பாக்கிறவை எழுதிவைப்பினம். பிறகு அதை அழிக்க ஏலாது."

"உன்ர கை கூசேல்லையோ?"

"கூசுது" என்றாள் கம்சனா. யானிக்கின் பெயரை அடித்தாள். லவினியா ஏன் இல்லை என்பதற்கான காரணத்தையும், அது ஆருடைய கவலையீனம் என்பதையும், தன் பெயரைப் போட்டே கீழே எழுதினாள். அனுப்பினாள்.

ஸ்ரனிஸ்லாஸ் படலையை விட்டு ஒரு அடி பின்னால் போனார்.

"எங்கட ஆள் ஒண்டு உள்ளுக்க நிக்குதெண்டு நம்பித்தான் பிள்ளையை இஞ்ச கொண்டுவந்தனான்" என்றார். "நான் விட்ட பிழை சாணையில்லை. அதுதான்."

கம்சனா கைபேசியைப் பைக்குள் வைத்தாள்.

லவினியா முகமூடியைத் தலைக்குமேல் தூக்கிவிட்டுக்கொண்டு படலைக்கு வந்திருந்தாள். கன்னம் சிவந்து, மயிர் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அழுவாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள்.

"ஒட்டுதெண்டு ரெண்டு பேருக்கும் சொன்னனான்" என்றாள். "உங்களுக்கு வீட்டில சொன்னனான், அப்பா. நல்ல கூர், உன்ர காலிலதான் பெலனில்லை எண்டனீங்கள். இவவுக்கு இஞ்ச சொன்னனான்."

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் போய்க் காரில இருங்கோ."

மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிக் கதவுப் பக்கம் நடந்தார். கம்சனாவுக்கு ஒரு தலையசைப்புக்கூட வைக்கவில்லை.

"ஆறு மணி மட்டும் பனி எங்களுக்குத்தானே?" என்று லவினியா அவளிடம் கேட்டாள், தமிழில்.

"ஓம்."

"அப்ப வட்டைப் போடுங்கோ. கத்தவேண்டாம். வட்டை மட்டும் போடுங்கோ."

கம்சனா வட்டுகளை வாளியோடு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பக்கம் காட்டி மற்றப் பக்கம் தட்டினாள். லவினியா தள்ளினாள், கம்பத்தைத் தாண்டிப் போனாள், எழும்பி வந்து நின்றாள். திரும்பவும் தள்ளினாள். தள்ளு என்ற சொல் கம்சனாவின் நாக்கு நுனிவரை வந்து வந்து நின்றது. ஆறு மணி வரை அவள் அதை வெளியே விடவில்லை.