பன்னிரண்டு கழுத்துகள்

லத்தீபாவுக்குத் தன் கைவேலையில் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. கீழக்கரையில் தைக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தையல் பிரிந்து அவளிடம் திரும்பி வந்த துணி ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் சீனச் சண்டைக்குப் போன சிப்பாய்களுக்கு மாதர் சங்கம் ஸ்வெட்டர் அனுப்பத் தீர்மானித்தபோது, துண்டுகளை இணைக்கிற வேலை அவளைத் தேடி வந்தது.

பின்னல் மிஷின் முருகேஸ்வரி வீட்டில் இருந்தது. அவள் கைப்பிடியை இழுத்து இழுத்து முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்துப்பட்டி என்று கம்பளியில் தனித்தனியாகப் பின்னிக் கொடுப்பாள். அவள் புருஷன் சேதுராமனும் சிப்பாய்தான்; சீன எல்லையில் பனி மலையில் எங்கேயோ இருந்தான். ஒன்றரை மாதமாகக் கடுதாசி இல்லை.

லத்தீபா துண்டுகளைத் தன் தையல் மிஷினில் கொடுத்து ஓட்டினாள். கழுத்துக்கு மட்டும், உறுதியாக இருக்கட்டுமே என்று, மில் நூலில் நெருக்கமாக இரட்டைத் தையல். சங்கத்துத் தலைவி பன்னிரண்டையும் தடவிப் பார்த்து மெச்சினாள். யாரும் போட்டுப் பார்க்கவில்லை. தானமாகக் கொடுப்பதை நாம் உடுத்திவிட்டுக் கொடுக்கலாமா? அதோடு இந்த ஊர்ப் புழுக்கத்தில் கம்பளியைத் தொட்டாலே வியர்க்கும்.

மூட்டை ராமநாதபுரம் போவதற்கு ஒரு நாள்தான் பாக்கி. காலையில் அவள் வீட்டுக்காரன் மஹ்மூது விளையாட்டாக ஒன்றை எடுத்து மாட்டினான். உச்சந்தலை வெளியே வந்தது, நெற்றியோடு நின்றுவிட்டது.

"ஏ லத்தீபா! மூச்சு முட்டுது, எடுத்து விடு!"

"ஒங்க தலைதான் மச்சான் பெருசு" என்று சிரித்துக்கொண்டே உருவி எடுத்தாள். பிறகு சிரிப்பு அடங்காமலே தானும் ஒன்றை மாட்டிப் பார்த்தாள். அவள் தலையும் நுழையவில்லை. பின்னல் இழுத்த இழுப்புக்கு விரிந்தது. அவள் போட்ட தையல் விரியவில்லை. மற்றவற்றின் கழுத்தையும் இழுத்துப் பார்த்தாள்; எல்லாம் அப்படியேதான்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எந்தச் சிப்பாய் கீழக்கரைக்கு வந்து கேட்கப் போகிறான்? அப்படி நினைத்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பன்னிரண்டையும் கட்டித் தூக்கி முருகேஸ்வரி வீட்டுக்கு நடந்தாள்.

"அக்கா, கெடுத்துப்புட்டேன். ஒன்னுலகூட தலை நுழையாது."

முருகேஸ்வரி கழுத்தை இழுத்துப் பார்த்தாள். முகம் கறுத்தது. வாய்க்கு வந்தபடி வைவாள் என்றுதான் லத்தீபா நின்றாள்.

"நல்லவேளை, இங்கன வச்சே பாத்த. இல்லாட்டி அங்கன அந்தப் புள்ளைக இதைக் கையில வச்சுக்கிட்டு நடுங்கியிருக்கும்" என்றாள் முருகேஸ்வரி. "உக்காரு. பிளேடை எடு."

கழுத்துத் தையலையெல்லாம் பிரித்தார்கள். பின்னிய அதே கம்பளி நூலைப் பெரிய ஊசியில் கோத்து, கண்ணிக்குக் கண்ணி, தளர்வாகக் கையாலேயே இணைத்தார்கள். மஹ்மூது மாட்டிக்கொண்டு முழித்த கதையைக் கேட்டு முருகேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்றோ, லத்தீபாவுக்கு நிம்மதியாக இருந்தது. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்போது பன்னிரண்டாவதும் முடிந்தது.

"போட்டுப் பாருங்கக்கா. இனி தானம் கீனம்னு பாத்தா ஆகாது."

தலை சுலபமாக இறங்கியது. முருகேஸ்வரி கைகளையும் நுழைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். நெற்றியில் துளிர்த்த வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"கழட்டுங்கக்கா, வெந்து போவீக!"

"இருடி" என்றாள் முருகேஸ்வரி, கம்பளியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "இம்புட்டுச் சூடு அவருக்குக் கெடைச்சாப் போதும். இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துக்கிறேன்."