ஆமென் சொல்லும்வரை அசையக்கூடாது

என் மகள் சுவேதினியை ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருத்தி வைத்த ஆள் பள்ளிமுனையிலேயே கிடையாது. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டபோதே சுவாமியாரின் மூக்குக்கண்ணாடியைப் பறித்தவள். அந்த ஆறு வயதுக்காரியைப் பார்த்து, "மகள் துளியும் அசையாமல் படுக்கவேணும்" என்று கொழும்பு டொக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மனைவி சோபனா தொடையில் கிள்ளினாள்.

சிரிக்கிற விஷயமில்லைதான். பிள்ளையின் தலைக்குள் இருந்த கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. மிச்சசொச்சத்தை ஆறு கிழமை கதிர் வைத்து எரிக்கவேண்டும். வலை மாதிரி ஒரு முகமூடியைப் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்கள். அசையாமல் கிடந்தால் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிரைக் குறுக்கிப் பாய்ச்சலாம். பக்கத்திலிருக்கிற நல்ல மூளை தப்பும், ஞாபகமும் படிப்பும் தப்பும். அசைகிற பிள்ளைக்கு நாள்தோறும் வெறும் வயிற்றில் மயக்க ஊசி.

"எழும்பினதும் ஓங்காளிச்சுச் சத்தி எடுப்பா, பிறகு பகல் முழுக்க நித்திரை. சின்ன உடம்பு, அந்தப் பாரமும் வேண்டாமே. வீட்டில பழக்கிப் பாருங்கோ" என்றார் டொக்டர்.

பழக்க ஊருக்கு வந்தால், வந்த அன்றே பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை அக்கா காரியத்தைக் கெடுத்தார். எங்கள் பக்கத்தில் கதிர்ச் சிகிச்சைக்குக் 'கறண்ட் பிடிக்கிறது' என்றுதான் பேர். "குஞ்சுக்கு எப்ப கறண்ட் பிடிக்கப் போகினம்?" என்று பிள்ளைக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார். தண்ணீர் மோட்டர் வயரைத் தொட்டுச் சிங்கராசா அண்ணன் துள்ளி விழுந்ததைக் கண்ணால் கண்டவள் சுவேதினி. கட்டிலுக்குக் கீழே போனவளை இழுத்தெடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

சோபனாதான் சுரூப விளையாட்டைக் கண்டுபிடித்தாள். சுவேதினிதான் கோயிலில் நிற்கிற புனிதர் சிலை, சுரூபம். முகத்தில் என் மீன்வலைத் துண்டொன்றைப் போட்டுக்கொண்டு பாயில் மல்லாந்து கிடப்பாள். சோபனா புனிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, நாங்கள் சுற்றி முழந்தாளில் நின்று "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். ஆமென் வரும்வரை சுரூபம் அசையாது. சத்தம் நின்றால் செபம் முடிந்துவிட்டது என்று அர்த்தம், சுரூபம் எழும்பி ஓடலாம். அந்தச் சட்டம் அவளே போட்டது.

அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அயலட்டை முழுக்கத் தன்னைக் கும்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்? அன்னப்பிள்ளை அக்கா மெழுகுதிரியோடு வந்துவிட்டார். "கொளுத்தாதேங்கோ அக்கா, வலை நைலோன்!" என்று நான் கத்தவேண்டி வந்தது.

அந்த நாளும் வந்தது. கொழும்பு ஆஸ்பத்திரிக் கதிர் அறைக்குள் பிள்ளை மட்டும். வெளியே நாங்கள், அவளைக் காட்டும் திரை, அவளுக்குக் கேட்கும் மைக். இன்று அசைந்தால் நாளையிலிருந்து ஊசிதான் என்று முடிவாகச் சொல்லியிருந்தார்கள். அன்று பார்த்துச் சோபனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் சொல்லுங்கோ" என்றாள், வெறும் காற்றாக.

நானா! பூசை நேரத்தில் நான் நிற்பது கோயில் மதிலடியில்.

மெஷின் பார்க்கிற சிங்கள மிஸ் மைக்கை என் பக்கம் திருப்பினார். "புனித செபஸ்தியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கம்பீரமாகத்தான் தொடங்கினேன். அந்தோனியாரைக் கூப்பிட்டேன். அன்னம்மாளைக் கூப்பிட்டேன். அதோடு என்னிடம் புனிதர்கள் முடிந்துபோனார்கள். சோபனா பெயர்களைச் சொல்லி வாயசைத்தாள், எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. திரையில் சுவேதினியின் விரல்கள் மெல்ல எழும்பின. சத்தம் நின்றுவிட்டதே!

"அறக்குளாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றேன்.

விரல்கள் படுத்தன. இனி என்ன, கடல்காரன் எனக்குத் தெரிந்த மீன்கூட்டமெல்லாம் வந்தது. "பாரையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஓராவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். விளைமீனே…" சோபனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தமிழ் தெரியாத மிஸ் ஒவ்வொரு மீனுக்கும் பக்தியாகத் தலை குனிந்தார்.

திருக்கையில் வந்தது வினை. திரையில் பிள்ளையின் வயிறு குலுங்கியது. கள்ளிக்கு விளங்கிவிட்டது! மிஸ்ஸின் கை நிறுத்தும் பட்டனுக்குப் போனது. சிரிப்புக் காட்டாத மீன் எது? நெத்தலியா? கணவாயா? இன்னும் ஒரு மீன் சொன்னால் அவள் வெடித்துவிடுவாள், நிறுத்தினால் எழும்பிவிடுவாள். என் வாய் தன்பாட்டில் சொன்னது:

"என்ர சுவேதினியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

வயிறு அடங்கியது. மிஸ்ஸின் கை பட்டனைத் தொட்டபடியே நின்றது.

"என்ர குஞ்சே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். என்ர செல்லமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." நான் நிறுத்தவில்லை. சோபனாவும் சத்தமில்லாமல் கூடச் சொன்னாள். வாழ்நாளில் அப்படி மனமுருகி நான் யாரையும் கும்பிட்டதில்லை. மெஷின் இரைச்சல் நிற்கும்வரை அவளையேதான் கூப்பிட்டேன்.

"ஆமென்."

மிஸ் முகமூடியைக் கழற்றிக் கூட்டிவந்தார். கன்னமெல்லாம் வலைத் தழும்பு. "ஊசி வேணாம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக் கட்டை விரலைக் காட்டினார். சொல்லி முடிக்கவில்லை, சுவேதினி அவர் கையை உதறிவிட்டு ஓடத் தொடங்கினாள். ஆஸ்பத்திரி நடையோடை நீளத்துக்கு, ஆட்கள் இருந்த கதிரைகளை இடித்துக்கொண்டு, "திருக்கையே! திருக்கையே!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

"பிடியுங்கோ அவளை!" என்று ஒரு தாதி சத்தம் போட்டார். சந்தோஷத்தில் சிரித்தேனா அழுதேனா தெரியாது.

"ஓடட்டும் மிஸ்" என்றேன் தாதியிடம். "விடுங்கோ, ஓடட்டும்."