அநாதைக்கு ஓட்டுப் போடுங்கள்

"ஒரு ஊமைக்கு ரெண்டு அநாதை! யாராவது இருக்கீங்களா? ஒரு ஊமைக்கு ரெண்டு அநாதை!"

உயரத் தொப்பி வைத்த கனவான் ஒருவர் மீன் சந்தையில் கூவுவதுபோலக் கூவிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லண்டனில் தரும இல்லங்களின் தேர்தல் நாளென்றால் இந்தச் சத்தம் இருக்கத்தான் செய்யும். ஊமைப் பள்ளிக்கான ஓட்டு ஒன்று அவர் கையில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு அநாதை இல்லத்துக்கான ஓட்டு இரண்டை வாங்கப் பார்த்தார். அவ்வளவுதான்.

இல்லத்துக்குச் சந்தா கட்டியவர்களுக்கு ஓட்டு. அதிக ஓட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு இல்லத்தில் ரொட்டி, படுக்கை, படிப்பு. மற்ற பிள்ளைகள் நவம்பரில் மறுபடி வந்து நிற்க வேண்டியதுதான்.

ஹோட்டல் கூடத்தின் சுவரோரம் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. நாற்காலிக்கு ஒரு விதவை. விதவைக்குப் பக்கத்தில் தலையைப் படிய வாரிய ஒரு பிள்ளை. பிள்ளையின் தலைக்கு மேலே ஒரு அட்டை: 'தகப்பன் இறந்துவிட்டான். தாய்க்குப் பிழைக்க வழியில்லை. கருணை உள்ளம் கொண்டோர் தங்கள் ஓட்டை இந்தப் பிள்ளைக்கே அளிக்குமாறு...'

மிசஸ் அகஸ்டா பின்னாக் பட்டுப் பாவாடை சரசரக்க உள்ளே வந்தாள். கணவருக்கு லாம்பெத்தில் சோப்புத் தொழிற்சாலை. மற்ற சீமாட்டிகள் மாலையில் சீட்டாடினார்கள் என்றால், அகஸ்டாவுக்கு இந்தத் தேர்தல்தான் ஆட்டம். ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பாள், சந்தாதாரர்களுக்கெல்லாம் எழுதிப் போடுவாள், அவர்கள் கையெழுத்திட்டு அனுப்பும் ஓட்டுச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகச் சேர்ப்பாள். சீட்டில் பிள்ளையின் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கும். கையில் இருப்பவர் நிரப்பிக்கொள்ளலாம். அகஸ்டா நிறுத்திய பிள்ளை இதுவரை தோற்றதில்லை.

இன்றைக்கு ஒரு பிரமாதமான ஆட்டம் ஆடியிருந்தாள். அதைச் சொல்லத்தான் ஹெஸ்டர் பில்லிங்கின் நாற்காலியை நோக்கி வேகமாக வந்தாள்.

ஹெஸ்டரின் புருஷன் படகுத் துறையில் செத்துப்போனவன். அவள் ஊரார் துணியைத் துவைத்து மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். மூத்தவள் எஃபி. அந்த எஃபிதான் இப்போது அட்டைக்குக் கீழே, கடன் வாங்கிய பூட்ஸில், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஹெஸ்டர்! உனக்கு ஒரு நல்ல செய்தி. நாம எஃபிக்காகச் சேர்த்த சீட்டையெல்லாம் கர்னல் ஸ்ட்ரேக்குக்குக் கடனாக் கொடுத்துட்டேன்."

ஹெஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "கடனாவாம்மா?"

"இந்தத் தடவை எஃபி இல்லத்துல இருக்கிற கடைசி இடத்துக்குத்தான் தத்தளிக்கிறா. கர்னல் நிறுத்தியிருக்கிற பையனும் அதே நிலைமை. நம்ம சீட்டை வச்சு அவன் ஜெயிச்சுக்கட்டும். நவம்பர்ல கர்னல் ஒன்றரை மடங்காத் திருப்பித் தர்றார். அப்ப எஃபிக்கு முதல் இடம்! எப்படி என் கணக்கு?"

ஹெஸ்டரின் முகம் வெளிறிப்போனது.

"நவம்பர்லயா? அம்மா... ஆகஸ்டோட இவளுக்குப் பதினொண்ணு முடியுதே!"

அகஸ்டா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"பதினொண்ணு முடிஞ்ச பிள்ளைய எடுக்க மாட்டாங்களேம்மா. இவளுக்கு இதுதான் கடைசித் தேர்தல். நீங்கதானே அட்டையில போட்டீங்க?"

அகஸ்டா நிமிர்ந்து பார்த்தாள். சுவரில், எஃபியின் தலைக்கு மேலே, பிறந்த தேதி கொட்டை எழுத்தில் இருந்தது. எல்லார் கண்ணிலும் படட்டும் என்று அச்சகத்தில் அந்த எழுத்தைப் பொறுக்கியெடுத்ததே அவள்தான்.

"ஏழைங்களுக்குப் படியளக்கிற பாரிஷ் அதிகாரி திங்கக்கிழமை வர்றாரும்மா," ஹெஸ்டர் குரலை அடக்கிக்கொண்டு பேசினாள். பிள்ளை கேட்டுவிடக் கூடாது. "எஃபிக்கு இடம் கிடைச்சா மத்த ரெண்டுக்கும் வாராவாரம் ரொட்டி எழுதித் தர்றேன்னார். கிடைக்கலைன்னா வெளியில வச்சு ஒரு துண்டு கிடையாது, நாலு பேரும் ஏழைங்களை அடைச்சு வேலை வாங்குற ஒர்க்ஹவுஸுக்குள்ள வந்து விழுங்கன்னுட்டார். அங்க போனா நான் ஒரு கட்டடம், பொண்ணு ஒரு கட்டடம், பையன் ஒரு கட்டடம். சின்னது இன்னும் என் பக்கத்துலதாம்மா தூங்குது. பேசாம நிக்கிறீங்களே!"

மேடையில் ஓட்டுப்பெட்டி. அதற்கு மேலே கடிகாரம். இரண்டு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை.

அகஸ்டா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கர்னல் ஸ்ட்ரேக் சாப்பாட்டு அறை வாசலில் ஷெர்ரி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே சந்தாதாரர்களுக்கான விருந்து தயாராகிக்கொண்டிருந்தது. வாட்டிய மாட்டிறைச்சியின் மணம் கூடம் முழுக்க வீசியது. சுவரோரத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

"கர்னல்! அந்தச் சீட்டுக் கட்டைத் திருப்பிக் கொடுங்க. ஒரு தப்பு நடந்துபோச்சு."

"தப்பா? கை குலுக்கினோமே அம்மணி."

"என் பொண்ணுக்கு வயசு தாண்டிடும்!"

"அடடா, பாவம்." கர்னல் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஷெர்ரியை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டார். "பாதியைப் பெட்டியில போட்டாச்சே. மீதி இங்கதான் இருக்கு." கோட்டின் உள்பையைத் தட்டிக் காட்டினார். "அதையும் போட்டாத்தான் என் பையன் கரையேறுவான்."

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

கர்னலின் கண்கள் மின்னின. அவரும் பழைய ஆட்டக்காரர்தான்.

"தீரா நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் தேர்தல். என் பழைய வண்டிக்காரனை நிறுத்தியிருக்கேன். நீங்க ஒரு கிழவியை நிறுத்தியிருக்கீங்களாமே? அந்தக் கிழவியோட ஓட்டு மொத்தத்தையும் என் ஆளுக்குத் தள்ளிவிடுங்க. இந்தக் கட்டு உங்களுக்கு."

அந்தக் கிழவி தபிதா. அகஸ்டாவின் வீட்டில் இருபது வருடம் சமைத்தவள். கை கால் விழுந்து, தங்கை வீட்டு மூலையில் கிடக்கிறாள். ஒவ்வொரு தேர்தலின்போதும் 'இந்தத் தடவை நிச்சயம்' என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி அகஸ்டாவின் வாயே வலித்துவிட்டது.

"உங்க பையன் என்ன ஆவான்?" என்றாள் அகஸ்டா.

"எட்டு வயசுதானே? நவம்பர்ல பார்த்துக்கலாம்."

கடிகாரத்தைப் பார்த்தாள் அகஸ்டா. "சரி," என்றாள். அந்த ஒரு வார்த்தையில் தபிதா போனாள்.

கட்டோடு திரும்பி வந்து ஹெஸ்டரின் மடியில் பாதியைப் போட்டாள். "எழுது! எஃபி பேரை எழுது! சீட்டு சீட்டா எழுதணும்!"

எஃபியின் நாற்காலியையே மேசையாக்கி இருவரும் குனிந்து எழுதினார்கள். சீமாட்டியின் தொப்பி இறகு விதவையின் நெற்றியில் உரசியது. ஹெஸ்டருக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். துவைத்துத் துவைத்து வெடித்த விரல்கள். ஒவ்வொரு சீட்டையும் எழுதி முடிப்பதற்குள் அகஸ்டாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எப்படிம்மா திருப்பிக் கொடுத்தார்?" ஹெஸ்டர் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"எழுது."

"இது அவர் பையனுக்குப் போட வேண்டியதுதானே?"

"முதல்ல நம்ம சீட்டுதான் இது. எழுதுன்னா எழுதேன்!"

மை தீர்ந்துவிட்டது. ஹெஸ்டர் பேனாவைக் குப்பிக்குள் கீறினாள். காய்ந்த அடி மட்டும் கரகரத்தது.

"அக்கா, இந்தாங்க. என்கிட்ட இருக்கு."

பக்கத்து நாற்காலி விதவை மைக்குப்பியை நீட்டிக்கொண்டிருந்தாள். இளம் வயசு. அவள் அருகே சாக்கு மாதிரித் தொளதொளத்த கோட்டில் ஒரு பையன். அவன் தலைக்கு மேலே அட்டை: 'வில்ஃப்ரட் யாலப், வயது எட்டு. ஆதரவாளர்: கர்னல் ஸ்ட்ரேக்.'

ஹெஸ்டர் அட்டையைப் படித்தாள். மடியிலிருந்த சீட்டுகளைப் பார்த்தாள். அகஸ்டாவைப் பார்த்தாள்.

அகஸ்டா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஹெஸ்டர் மைக்குப்பியை வாங்கினாள். "நல்லா இரும்மா," என்று முணுமுணுத்தாள். பிறகு குனிந்து எழுதினாள். கை நிற்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ரொட்டி தேடும் கை அது, நிற்காது.

மேடையில் மணி அடித்தார்கள்.

"பெட்டி மூடப் போறோம்! கனவான்களே, சீமாட்டிகளே, கடைசி ஓட்டு!"

"இன்னும் ரெண்டு இருக்கும்மா..."

"விடு, கொடு இதை!" அகஸ்டா சீட்டுகளை அள்ளிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்தாள். யாரோ ஒருவருடைய காலை மிதித்தாள். மேடைப் படியில் பாவாடை மாட்டிக் கிழிந்தது. பெட்டியின் மூடி இறங்கும்போது அதற்கடியில் தன் கையையே வைத்தாள். "என் ஓட்டு! இதைப் போட்டுட்டு மூடுங்க!"

சீட்டுகள் உள்ளே விழுந்தன.

எண்ணி முடிக்கும்வரை சந்தாதாரர்கள் விருந்து சாப்பிட்டார்கள். அகஸ்டா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். கதவிடுக்கு வழியாகச் சுவரோரத்து நாற்காலிகள் தெரிந்தன. ஹெஸ்டரும் அந்த இளம் விதவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையும் அவரவர் பிள்ளையின் தோளில் இருந்தது.

செயலாளர் மேடையேறினார். ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூடத்தில் எங்கேயோ ஒரு விம்மல் எழுந்தது. ஜெயித்த பெயர்கள் தீர்ந்துகொண்டே வந்தன. எஃபியின் பெயர் வரவில்லை.

"கடைசி இடம்..."

ஹெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"யூஃபீமியா பில்லிங்!"

எஃபிக்குத் தன் முழுப்பெயர் காதில் விழுந்ததே உறைக்கவில்லை. தாய் அவளை அள்ளி அணைத்தபோதுதான் புரிந்தது. ஹெஸ்டர் அழவில்லை, சிரிக்கவில்லை. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அடுத்தபடியா வந்தும் இடமில்லாமல் போனவன் வில்ஃப்ரட் யாலப். நவம்பரில் மீண்டும் முயற்சி செய்யலாம்."

"பிரமாதம், மிசஸ் பின்னாக்!" கர்னல் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "தோத்த ஆட்டத்தைத் திருப்பிட்டீங்களே! இப்படி ஒரு ஆட்டக்காரியை நான் பார்த்ததே இல்லை."

அகஸ்டா பதில் சொல்வதற்குள் அந்த இளம் விதவை எதிரில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. ஆனாலும் முழங்காலை மடித்து வணங்கினாள்.

"அம்மா, என் பேரு ரூத் யாலப். நவம்பர்ல என் பையனை நீங்க எடுத்து நடத்தணும். கர்னல் ஐயா நல்லவர்தான். ஆனா உங்க அளவுக்குச் சாமர்த்தியம் போதாது."

அகஸ்டாவின் காது மடல் சுட்டது. கை இன்னும் கர்னலின் கைக்குள் இருந்தது. அதை விடுவித்துக்கொண்டாள்.

"ரூத்... எஃபிக்கு நான் போட்டது உன் பையனுக்குப் போக வேண்டிய ஓட்டு. கர்னல்கிட்ட பேரம் பேசி வாங்கினேன்."

ரூத் கர்னலைப் பார்த்தாள். கர்னல் தன் பைக்கடிகாரச் சங்கிலியை ஆராய்ந்தார். அவள் ஹெஸ்டரிடம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் ஹெஸ்டர். "தெரிஞ்சுதான் எழுதினேன். திட்டு. அடிக்கணும்னா அடி."

வில்ஃப்ரட் ரூத்தின் பாவாடையை இழுத்து, "ஜெயிச்சுட்டோமாம்மா?" என்றான்.

"உங்க மேல கோபம் வந்தா நான் மனுஷி இல்லக்கா," என்றாள் ரூத். "உங்க இடத்துல நான் இருந்திருந்தா நானும் எழுதியிருப்பேன்." பிறகு அகஸ்டாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் வணக்கம் இல்லை. "புருஷனைப் பறிகொடுத்த ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி பிள்ளை வாயிலிருந்து ஒருத்தி பிடுங்கும்படியா எங்களைப் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சது யாரும்மா?"

"இதோ பாரும்மா, தேர்தல்னா அப்படித்தான்," என்று கர்னல் குறுக்கிட்டார். "தகுதியுள்ளவங்களுக்குத்தானே தர்மம் போய்ச் சேரணும்?"

"தகுதியா?" அகஸ்டாவின் குரல் உயர்ந்தது. விருந்து முடித்து வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எஃபி ஜெயிச்சது தகுதியாலயா, கர்னல்? நான் வேகமா ஓடினதால. வில்ஃப்ரட் தோத்தது உங்க வண்டிக்காரன் மேல உங்களுக்கு இருக்கிற பாசத்தால. இதுல அந்தப் பிள்ளைங்களோட பசி எங்க வந்தது?"

"மேடம், மெதுவா..."

"எங்க வீட்டு மாடியில ஒரு அறை வருஷக்கணக்கா பூட்டிக் கிடக்கு. எனக்கு இருபது வருஷம் சமைச்சுப் போட்ட தபிதாவை அங்க கூட்டிட்டு வந்து படுக்க வைக்கலாம்னு ஒரு தடவைகூட எனக்குத் தோணல. அவளுக்காகத் தேர்தல் தேர்தலா ஓட்டு சேர்த்தேன். ஏன் தெரியுமா? கூட்டிட்டு வந்தா அது கடமை. ஓட்டு சேர்த்தா அது ஆட்டம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "கொடுக்க மனசிருக்கிறவன் தேவையைப் பார்த்துக் கொடுக்கணும். ஏழைங்களை ஒருத்தரோட ஒருத்தர் மோதவிட்டு, ஜெயிச்சவனுக்கு மட்டும் ரொட்டி போடறதுக்குப் பேரு தர்மம் இல்ல. சூதாட்டம். அதுல நாம பணயம் வைக்கிறது நம்ம காசை இல்ல, அடுத்தவ பெத்த பிள்ளையை!"

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாள்களை அடுக்கினார். கர்னல் மெல்ல நகர்ந்து சாப்பாட்டு அறைக்குள் நுழைந்துகொண்டார்.

அகஸ்டா சுவரில் எட்டி வில்ஃப்ரட்டின் அட்டையைக் கழற்றினாள்.

"நவம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ரூத். இவன் சாப்பாடும் பள்ளிக்கூடமும் இனி என் பொறுப்பு. உன்கூடவே உன் வீட்டுலயே இருக்கட்டும்."

ரூத் நம்பவில்லை. எத்தனையோ சீமாட்டிகளின் வாசலில் நின்று பழகியவள் அவள். பையனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எச்சரிக்கையாகக் கேட்டாள்:

"அதுக்கு யார் யார்கிட்டம்மா போய் ஓட்டுக் கேக்கணும்?"

"யார்கிட்டயும் வேண்டாம்," என்றாள் அகஸ்டா. "பசிக்குதுன்னு சொன்னா போதும்."