கடைசிக் கொத்துக் காஞ்சொறி

ராங்கெலுக்கு வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மகன் கல்யாணம். எல்லோரும் கைகோத்து ஆடும் ஹோரோ ஆட்டத்தில் மாப்பிள்ளையின் அப்பாதான் கைக்குட்டையை வீசிக்கொண்டு முன்னால் போக வேண்டும். அவரால் முடியாவிட்டால் பெண்ணைப் பெற்ற ஸ்பாஸ் அந்த இடத்தில் நிற்பார். சோபியா நகரத்தில் டிராம் ஓட்டுகிற மனிதர் பின்னால் நம் ஊரே ஆடுவதா? நினைத்தாலே ராங்கெலுக்கு வயிறு எரிந்தது.

வீக்கத்துக்கு அந்த ஊரில் காஞ்சொறிதான் மருந்து. பச்சையாக அறுத்து முட்டியில் விளாசினால் தீயாய் எரியும், தடித்துச் சிவக்கும், பிறகு வீக்கம் வற்றிவிடும். ஆனால் கொல்லையில் ஒரு செடி இல்லை. மனைவி வெலிச்கா எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளியிருந்தாள்.

"புத்தி இருக்காடி உனக்கு? என் மருந்தையெல்லாம் அறுத்துட்டியே!"

"பட்டணத்துச் சம்பந்தி வர்றாங்க, கொல்லை காடா கிடந்தா என்ன நினைப்பாங்க? விடிய விடிய ஆடுவேன்னு நிச்சயதார்த்தத்துல பீத்திக்கிட்டீங்கல்ல? இப்ப ஆடுங்க, பாப்போம்!"

வாத்துப் பட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு கொத்து அவளுக்குத் தப்பியிருந்தது. ராங்கெல் கையுறை மாட்டிக்கொண்டு அதை அறுத்தார். கால்சட்டையைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஓங்கினார்.

"வீட்ல யாரும் இல்லையா?"

சாயங்காலம் வர வேண்டிய ஸ்பாஸ் காலை ரயிலிலேயே வந்து எதிரே நின்றுகொண்டிருந்தார். மானம் கப்பலேறிவிட்டது!

ஸ்பாஸ் சிரிக்கவில்லை. முட்டியைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், தன் பெல்ட்டை அவிழ்த்தார். அவருடைய இடது முழங்கால் இன்னும் மோசம்.

"பிரேக் மிதிச்சு மிதிச்சு இப்படி ஆயிடுச்சு சம்பந்தி. பெத்த பொண்ணு கல்யாணத்துல ஆட முடியாம ஓரமா உக்காரணுமேன்னு எனக்குத் தூக்கமே இல்ல." சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

ஒரு காலை விளாசினாலே அந்தக் கொத்தின் சுணை போய்விடும். இருப்பதோ ஒரு கொத்து. பாவி மனுஷன், இப்பத்தானா அழணும் என்று ராங்கெல் மனதுக்குள் திட்டினார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"காலை நீட்டுங்க சம்பந்தி."

ஸ்பாஸ் போட்ட கூச்சலில் வெலிச்கா ஓடிவந்தாள். கால்சட்டை இல்லாத இரண்டு ஆம்பிளைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! வாசல்ல கால் வச்ச உடனேயே சம்பந்தியை அடிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை ஸ்பாஸின் முட்டி வற்றியிருந்தது; ராங்கெலின் வீக்கம் அப்படியேதான் இருந்தது. விடுவாரா மனிதர்! கைக்குட்டையோடு முன்னால் போய் நின்றார். அடுத்த ஆளாக ஸ்பாஸ் வந்து கைகோத்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் ராங்கெலின் முட்டி மடங்கியது. அவர் சாய்வதற்குள் ஸ்பாஸின் முழங்கை அவர் அக்குளுக்குள் வந்து முட்டுக்கொடுத்தது.

"விட்றாதீங்க சம்பந்தி," என்றார் ராங்கெல் முணுமுணுப்பாக.

"இது நீங்க கொடுத்த கால். பேசாம ஆடுங்க."

ராங்கெல் கைக்குட்டையை உயர்த்தி வீசினார். கல்யாணக் கூட்டம் மொத்தமும் அவருக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வந்தது.