பீலிக்கரைக்கு வந்த காவேரி

மொட்டைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் செடி கவ்வாத்து வெட்டுகிற சோலைமலை கூப்பிட்டதால்தான் காவேரி ஆறு இலங்கைக்கு வந்தது. தோட்ட வேலைக்கு நம் ஆட்கள் கால்நடையாக வந்த பழைய பாதையிலேயே அதுவும் வந்தது. மன்னாரில் கரையேறி, காட்டு வழியில் யானைகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, மாத்தளையில் ஒருநாள் இளைப்பாறி, பிறகு மலையேறி, பூண்டுலோயாவுக்கு மேலே, தொழிலாளர் வரிசை வீடுகளான மேமலை லயத்தின் பின்புறம் பீலிக்கரையில் வந்து நின்றது. 1949ஆம் ஆண்டு ஆடிப் பதினெட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் கலைகிற நேரம். பீலி என்பது மலையூற்றுத் தண்ணீர் தகரக் குழாய் வழியாக விழுகிற இடம். லயத்துச் சனம் குளிப்பதும் துவைப்பதும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதும் அங்கேதான். அன்று குளிக்கப் போனவர்கள் சவுக்காரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். பிறகு, தண்ணீர் நிறைய இருக்கிறதே என்று குளித்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

சோலைமலை கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தகப்பன் லால்குடிக்காரர். ஆடிப் பெருக்கன்று காவேரியில் கால் நனைக்காதவன் பாதி மனுஷன் என்று சொல்லிச் சொல்லியே மகனை வளர்த்தார். மகன் தோட்டத்திலேயே பிறந்து, காவேரியைக் கண்ணால் பார்க்காமலேயே அதன் சுழிகளைப் பெயர் சொல்லி விவரிப்பார். கலியாணத்தன்று பேச்சியம்மாவிடம், "அடுத்த பெருக்குக்கு ஒன்ன அங்க கூட்டிக்கிட்டுப் போவேன்" என்று வாக்குக் கொடுத்தார். ஆனால் நாற்பத்தெட்டில் புதுச் சட்டம் வந்தது. இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்று காட்ட வேண்டுமானால் இங்கேயே இருந்தாக வேண்டும், ஊருக்கு ஒருமுறை போனவர்கள் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. சோலைமலை யோசித்தார். கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டைப்பாறை உச்சியில் ஏறி, வடக்கே பார்த்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்: "ஏ தாயீ! எங்களால வரமுடியாது. ஒன்னால முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போ!" அந்தக் கூச்சல் கந்தப்பளை சந்தையில் கத்தரிக்காய் விற்றவர்களுக்கே கேட்டது. காவேரிக்குக் கேட்டதில் என்ன ஆச்சரியம்?

திருச்சிப் பக்கம் அதன் அகலம் முக்கால் மைல் என்று பாடப் புத்தகம் சொல்லிற்று. லயத்துக்கும் மண்மேட்டுக்கும் நடுவே இருந்த இடமோ ஒரு மாடு படுத்தால் நிறைந்துவிடும். பதினாறு முழச் சேலையை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைப்பதுபோல ஆறு தன்னை மடித்து வைத்துக்கொண்டது. தாண்டிப் போகிறவனுக்கு அது ஒரே எட்டு. நீந்திப் போகிறவன் அக்கரை சேர்வதற்குள் வீட்டில் மத்தியானச் சோறு ஆறிவிடும். தண்ணீர் திருச்சி வெயிலின் சூட்டோடு வந்ததால், பனி கொட்டுகிற தை மாதத்திலும் கொழுந்து பறிக்கிற பெண்கள் கால்களை அதில் வைத்துக் குளிர் காய்ந்தார்கள். அந்தச் சூடு பொறுக்காத அட்டைகள் கூட்டமாகப் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. பக்கத்துத் தோட்டத்துத் துரை நம் துரைக்குப் புகார் எழுதினார். நம் துரைக்கோ அதைப் படிக்க நேரமில்லை. அவர் டிரவுட் மீனுக்குத் தூண்டில் போட்டு, கெண்டையும் கெளுத்தியுமாக அள்ளிக்கொண்டிருந்தார்.

இத்தனையையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அது காவேரி இல்லை என்று சொன்ன ஒரே ஆள் சோலைமலையின் மனைவி பேச்சியம்மா.

"பீலி ஒடைஞ்சு தண்ணி வருது. அதுக்குப் பேரு காவேரியாம்" என்றாள் அவள், அதே தண்ணீரில் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு. "பாக்காத ஆத்துக்குப் பேரு வைக்கிற ஆள இந்தத் தோட்டத்துலதான் பாக்கலாம்."

"மணலைப் பாரு புள்ள. இந்த மலையில ஏது வெள்ள மணலு?" என்றார் சோலைமலை.

"மேல எவனோ வீடு கட்டுறான். அங்கேருந்து வந்திருக்கும்."

"வெள்ளிக்கிழமையில மலைக்கோட்டை மணிச் சத்தம் கேக்குதே?"

"அது பேக்டரி மணி. ஒங்க காதுக்குக் கவ்வாத்து வெட்டணும்."

அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பேச்சியம்மாவின் அப்பா மதுரைக்காரர், வைகைக் கரை. ஒரு ஆறு வருவதென்றால் வைகைதான் வந்திருக்க வேண்டும் என்பது அவளுடைய உள்மனக் கணக்கு. "வைகைய ஏன் கூப்பிடல?" என்று ஒருமுறை கேட்டேவிட்டாள். "கூப்பிட்டேன். தண்ணி வந்ததும் வாறேன்னுச்சு" என்றார் சோலைமலை. அன்று மாலை அவருக்கு ரொட்டி கிடைத்தது, தொட்டுக்கொள்ளச் சம்பல் கிடைக்கவில்லை.

தோட்டப் பள்ளிக்கூடத்து வியாகுலம் மாஸ்டரும் முதலில் நம்பவில்லைதான். நடுவே கடல் இருக்கிறது, ஆறு மேடேறாது, சிலுவையடையாளம் போட்டுக்கொண்டு சொல்கிறேன் இது நடக்காது என்றார். ஆனால் சென்னை மாகாணத்துப் பூமிசாஸ்திரம் நடத்துவது அவர் வேலை. இருந்த ஒரே படத்தில் காவேரி இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. ஒரு மாதம் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், இதோ பார் வாய்க்கால், இதோ பார் திட்டு, இதோ பார் கடைமடை என்று கைகாட்டி நடத்தியதில் மந்தப் பிள்ளையும் பாஸாகிவிட, மாஸ்டர் நம்பிக்கைக்கு வந்துவிட்டார். பூமிசாஸ்திரம் வந்த இடத்துக்குச் சரித்திரம் வராமல் இருக்குமா? மேமலை லயம் முழுக்கத் திருச்சிக்காரர்கள், பணிய லயம் மதுரைக்காரர்கள், தொங்கல் லயம் சேலம், நாமக்கல் பக்கத்தவர்கள். அதுவரை கொழுந்துக் கூடைக்கும் கோழிக்குஞ்சுக்கும் சண்டை போட்டவர்கள், இப்போது சோழரும் பாண்டியரும் சேரருமாகச் சண்டை போட்டார்கள். லயத்து வீடுகளான காம்பராக்களின் கதவுகளில் கரியால் புலியும் மீனும் வில்லும் தோன்றின. கங்காணி ஒருவர் தலையில் துண்டுக்குப் பதிலாக வெங்கலப் போணியைக் கவிழ்த்துக்கொண்டு பெரட்டுக்கு வந்தார்.

தண்ணீர் காம்பராக்களுக்குள் புகப் பார்த்தபோது, கரிகாலன் கல்லணை கட்டியது எப்படி என்று மாஸ்டர் புத்தகத்தைப் பார்த்து உரக்க வாசித்தார். ஆண்கள் பெரிய கற்களைச் சுண்ணாம்பு சேர்க்காமல் ஓடுகிற தண்ணீரிலேயே போட்டார்கள். கற்கள் தாமாக மணலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டன. அந்தக் கல்லணையில்தான் பிறகு மூன்று ராச்சியத்துப் பெண்களும் சேர்ந்து துணி அடித்துத் துவைத்தார்கள். அதோடு சரித்திர காலம் முடிந்தது. மிச்சத் தண்ணீர் மலைக்குக் கீழே போய்ச் சிங்கள ஊர் வயலில் பாய்ந்தது. அங்கே அப்புஹாமி மாத்தயாவின் நெல் யானை மறைகிற உயரம் வளர்ந்தது. அவர் வருஷம் தவறாமல் ஒரு சாக்குப் பச்சரிசியை மேலே அனுப்பி, "ஆத்துக்குக் குடுங்க" என்று சொல்லிவிடுவார்.

அடுத்த ஆண்டு ஆடிப் பெருக்கன்று பேச்சியம்மா நிறைமாதக்காரி. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளுக்கு இடுப்பு வலி கண்டது. தனியாக இறங்கி வந்தவள் லயம்வரை போகமுடியாமல் ஆற்று மணலிலேயே படுத்துவிட்டாள். மருத்துவச்சி ஓடி வருவதற்குள் பிள்ளையைப் பெற்று, தொப்புள்கொடி முடிந்து, துடைத்துக் கையில் வைத்திருந்தாள். அன்று அங்கே என்ன நடந்தது என்று கேட்டவர்களிடம், "என்ன நடக்கும்? வலிச்சுச்சு, பொறந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். பிள்ளைக்குப் பொன்னி என்று பெயர் வைக்கலாம் என்றார் சோலைமலை. நல்ல பெயர்தான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். பொன்னி என்றால் காவேரி என்று மாஸ்டர் வாயிலிருந்து வந்தபோது பிள்ளைக்கு நடை வந்துவிட்டது, பெயரை மாற்றமுடியவில்லை. பிறப்புப் பதிவுத் துண்டை அதற்கடுத்த பெருக்கில் ஆறே அடித்துக்கொண்டு போய்விட்டது. லயத்துச் சனம் அந்த இடத்தைக் காவேரிக்கரை என்றே அழைத்துப் பழகியது. பேச்சியம்மா மட்டும் கடைசிவரை பீலிக்கரை என்றாள்.

வருஷங்கள் போயின. துரை மாறினார், கொழுந்துக்கு மருந்து மாறியது. பிரசாவுரிமைக்கு மனுப் போட்டவர்கள் பதிலுக்குக் காத்திருந்தே நரைத்தார்கள். பொன்னிக்குப் பன்னிரண்டு நடந்தபோது, கொழும்பிலிருந்து விசாரணை ஐயா ஒருவர் வந்து பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். அவர் சிங்களவர். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்தவர். சட்டம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: குடும்பம் இடையில் முறியாமல் இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். முறிந்தால் மனு விழும். மனு விழுந்தால் இவர்கள் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை. என்றைக்காவது கப்பலேற்றி அனுப்பினால் கேட்க நாதியில்லை.

"உம்மட நாடு எது எண்டு ஐயா கேக்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

தோட்டத்துச் சனத்துக்கு நாடு என்றால் மலையடிவாரத்துச் சிங்கள ஊர். சோலைமலை சன்னல் வழியாகக் கைகாட்டினார். "அந்தா, கீழ தெரியுதே. அதாங்க நாடு. நாங்க இருக்கிறது தோட்டம்."

"அதில்லை. உம்மட சொந்த நாடு எது?"

"சொந்தமாவா? எங்களுக்கு ஏதுங்க சொந்தமா நாடு? அது அப்புஹாமி மாத்தயாவோடது."

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று பொன்னியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் எங்க பிறந்தனீர்?"

"காவேரிக்கரையிலங்க" என்றாள் பொன்னி. அவளுக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

பேனா நின்றது. காவேரி இந்தியாவில் என்பது விசாரணை ஐயாவுக்கும் தெரியும். பிள்ளை அங்கே பிறந்ததென்றால் தாய் அங்கே போயிருக்கிறாள். தாய் போனாள் என்றால் வாழ்க்கை முறிந்தது. அறையே ஒன்றாய்க் கத்திற்று. இல்லைங்க, காவேரி இங்கதாங்க ஓடுது, லயத்துக்குப் பின்னாலங்க! ஐயா எழுந்து, எல்லோரும் பின்தொடர, போய்ப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றித் தண்ணீருக்குள் கால் வைத்தார். அது சூடாக இருந்தது. அவர் கோத்மலைப் பக்கத்தவர், யானை மறைகிற நெல்லைச் சாப்பிட்டுப் பழகியவர். அதனால் அவர் முகத்தில் வியப்பில்லை. இப்போது ஓடுகிறது, அதை எழுதிக்கொள்கிறேன் என்றார். ஐம்பதாம் ஆண்டு ஓடியதா என்பதுதான் கேள்வி. அதற்குச் சாட்சி யார்? சோலைமலை வாயைத் திறந்தார். அவரைப் பற்றிப் பூண்டுலோயா கடைத்தெருவிலேயே ஐயா கேள்விப்பட்டிருந்ததால், மூடிக்கொள்ளச் சொன்னார். மற்றவர்களோ எல்லோரும் மனுக்காரர்கள், ஆற்றின் பக்கத்து ஆட்கள்.

வியாகுலம் மாஸ்டர் முன்னால் வந்தார். "ஐயா, இந்தத் தோட்டத்துல இது காவேரி இல்லைன்னு சொல்ற ஆள் ஒருத்தங்க மட்டும் இருக்காங்க. பிள்ளையோட அம்மா. பதிமூணு வருஷமா ஒரு தடவைகூட அந்தப் பேரச் சொன்னதில்ல. அவங்ககிட்டயே கேளுங்க."

விசாரணை ஐயாவுக்கு அது நியாயமாகப் பட்டது. நம்பாதவளின் வாக்குமூலம் போதும், ஆறு அன்று ஓடியது என்று அவள் சொன்னால் இங்கேயே கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

பேச்சியம்மா இடுப்பில் கட்டிய சாக்கு ரெட்டில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். ஒரு பக்கம் பொன்னி, சட்டை நுனியைக் கடித்துக்கொண்டு. இன்னொரு பக்கம் புருஷன். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு புறப்படத் தயாராக நின்றது. இப்போது வாய் திறந்தால், சாகும்வரை அந்தச் சிரிப்போடு குடித்தனம் நடத்த வேண்டும். அவள் ஆற்றை ஒருமுறை முறைத்துப் பார்த்தாள். அது ஒன்றும் தெரியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தாளு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க" என்றாள். சோலைமலை திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நான் இங்கனதான் கெடந்தேன். இந்தக் கல்லைப் புடிச்சுக்கிட்டு. வலியில கண்ணத் தொறந்து பாத்தா, எதிர்க்கரை எங்கேயோ இருக்கு. கர நெறையப் பொம்பளைங்க, காதோல கருகமணி தண்ணியில விட்டுக்கிட்டு நிக்கிறாங்க. நம்ம லயத்து ஆளுக ஒருத்தருமில்ல. புள்ள அழுகுற சத்தம் கேட்டு ஒருத்தி கூவிக் கேட்டா, 'ஏத்தா, என்ன புள்ள?'ன்னு. 'பொண்ணு'ன்னேன். எல்லாரும் கொலவ போட்டாங்க. அவ ஒரு கொத்து மஞ்சக்கயிறு எறிஞ்சா. அதுல ஒண்ண எடுத்துத்தான் இதுக்குக் கொடி முடிஞ்சேன்."

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. ஐயா பேனாவை உதறிக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார்.

"அப்ப நீர் இந்தியாவுக்குப் போனனீரோ எண்டு கேக்கிறார்."

"நான் ஏங்க போறேன்?" என்றாள் பேச்சியம்மா. "நான் எங்கயும் போகல. அதுதான் வந்துச்சு."