தவிட்டு நிறச் சீட்டு

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே தேவாலயத்து மாமரத்தடியில் வகுப்பைத் தொடங்கிவிட்டேன். ஆறு பதவிகள், ஆறு சீட்டுகள், ஆறு நிறங்கள். வெள்ளைச் சீட்டைப் பச்சைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து பெருமை பேசும் ஊர் இது. மாதிரிச் சீட்டுகளை நானே வண்ணத்தாளில் வெட்டி எடுத்துப்போனேன்.

எங்கள் மாவட்டத்தை ஆளும் கவுண்டி சபைக்கான சீட்டு தவிட்டு நிறம். அதில்தான் என் தம்பி மகன் முசெம்பி நின்றான். அதனால் அந்த மாதிரிச் சீட்டில் மட்டும் ஆள் பெயர் எழுதாமல் மாடு, ஆடு, கோழி என்று எழுதியிருந்தேன். என் தந்தை முலாட்யா இந்த மலைச்சரிவில் முப்பது ஆண்டுகள் வழக்குத் தீர்த்தவர். தீர்ப்புச் சொல்லும்வரை எந்த வீட்டிலும் ஒரு வாய் கஞ்சி குடித்ததில்லை. நான் அந்த வீட்டில் வளர்ந்தவன்.

"எந்தச் சீட்டையும் வெறுமையாகப் போடக் கூடாது. வெறும் தாளுக்கு நான் என்றைக்கும் மதிப்பெண் கொடுத்ததில்லை" என்று வகுப்பில் சொன்னேன்.

வந்தவர்கள் நாற்பது பெண்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் என் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவர்கள்தான் எல்லாரும். மாமரத்தடியில் அவர்களில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நான்காவதாகக் கவூதாவும் கேட்டாள்.

"வாத்தியாரே, எழுத்துத் தெரியாதவங்க ஓட்டுப் போட, கூட ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போலாமாமே. அதுக்கு யாருகிட்ட சொல்லணும்?"

"உனக்கு எதுக்கு அது? ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு நின்னு வேதம் வாசிக்கிறவ நீ."

"கண்ணு மங்குது."

"போன ஞாயிறு மங்கலையே."

பெண்கள் சிரித்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். அத்தனை பேர் இடுப்பிலும் ஒரே பச்சைப் பூப்போட்ட புது லெசோத் துணி.

"யார் குடுத்தது?"

கவூதா துணியின் முனையைக் கசக்கினாள். "உங்க முசெம்பிதான். எழுத்துத் தெரியாதுன்னு சொல்லணுமாம். அவன் ஆளு கூட வந்து குத்துவானாம்."

வகுப்பை அத்தோடு முடித்தேன். நாக்கில் வேப்பங்காய் கடித்ததுபோல் இருந்தது.

முசெம்பி சந்தையில் தன் கடை வாசலில் மாம்பழம் அறுத்துத் தின்றுகொண்டிருந்தான். எழுந்து ஸ்டூலைத் துடைத்தான். நான் உட்காரவில்லை.

"கோவப்படாதீங்க பெரியப்பா. துணிய வாங்கிக்கிட்டு உள்ள போய் வேற எவனுக்காவது குத்திட்டு வந்துருவாங்க. பக்கத்துல நம்ம ஆளு நின்னாத்தான் நிச்சயம்."

"நான் படிக்கவச்சவங்களை நீ தற்குறியாக்குவியா?"

"ஒரே ஒரு நாளைக்குத்தானே" என்றான். மாம்பழச் சாறு முழங்கைவரை வழிந்திருந்தது. அதை நக்கிக்கொண்டே, "ஜெயிச்சா தாத்தா பேரும்தான சபையில ஒலிக்கும்?" என்றான்.

என் தந்தையின் பெயர் அந்த வாயில். திரும்பி நடந்தேன்.

தேர்தலன்று விடியற்காலையிலேயே பள்ளிக்கூட வாசலில் வரிசை நின்றது. எனக்கு முன்னால் கவூதா. அவளுக்கு அருகே முசெம்பியின் ஆள் ஒருவன் பல் குத்திக்கொண்டிருந்தான். பின்னால் ஒவ்வொரு பச்சைத் துணிக்குப் பக்கத்திலும் ஒருவன்.

நான் குனிந்து அவளிடம் சொன்னேன். "தனியாப் போ. யாருக்கு வேணாலும் குத்து. தெரியும்னு மட்டும் சொல்லு."

அவள் திரும்பாமலே பேசினாள். "தெரியாதுன்னு சொல்ல அவன் துணி குடுத்தான். தெரியும்னு சொல்ல நீங்க என்ன குடுப்பீங்க?"

நான் அவளுக்கு எழுத்தைக் கொடுத்திருந்தேன். அதைச் சொல்லிக்காட்ட எனக்கு அருவருப்பாக இருந்தது.

மேசையில் இருந்த பெண் அதிகாரி கேட்டாள். "உதவி வேணுமாம்மா?"

"வேணும். எழுத்துத் தெரியாது." கணீரென்ற குரல், வேதம் வாசிக்கும் அதே குரல்.

அதிகாரி துணைக்கு வந்தவனின் பெயரைப் படிவத்தில் எழுதி, மையை நகர்த்தினாள். "இங்க விரல் வைங்க."

எட்டு ஆண்டுகளாகக் கவூதா எந்தத் தாளிலும் விரல் வைத்ததில்லை. இனி ஒருவரும் வைக்கக் கூடாது என்று கடைசி வகுப்பில் சத்தியம் வாங்கியிருந்தேன். மைப் பெட்டியைக் கண்டதும் அவள் முகத்தைச் சுளித்தாள். கை தானாகப் போய் அதிகாரியின் பேனாவை எடுத்தது. கவூதா முயோகி என்று முழுப் பெயரையும் கோட்டுக்கு மேல் நேராக எழுதி, நான் கற்றுக்கொடுத்தபடியே அடியில் ஒரு கோடும் இழுத்தாள்.

அதிகாரி படிவத்தைத் தூக்கிப் பார்த்தாள். "என் கையெழுத்தே இவ்வளவு நல்லா இருக்காது."

வரிசை முழுக்கச் சிரிப்பு. "தற்குறி கையெழுத்தப் பாருங்கடி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பல் குத்தியவனை வெளியே அனுப்பினார்கள். கவூதா தனியாக மறைப்புக்குள் போனாள். அதன்பின் வந்த பச்சைத் துணிகளில் ஒருத்தியும் உதவி கேட்கவில்லை.

வெளியே வந்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஊரு சிரிக்க வச்சிட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள். துணியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

மறைப்புக்குள் ஐந்து சீட்டுகளில் குத்தினேன். தவிட்டு நிறச் சீட்டில் நான்கு முகங்கள். மற்ற மூவரும் கோழியும் சர்க்கரையும் கொடுத்தவர்கள் என்பதை ஊரே அறியும். நான்காவது முகத்தில் என் தந்தையின் மூக்கு இருந்தது.

சீட்டை நான்காக மடித்தேன். தவிட்டு நிற மூடி போட்ட பெட்டி எது என்று இருமுறை பார்த்து, வெறும் தாளை அதில் போட்டேன்.