தட்டில் வந்த பல்

வயிறு இஸ்திரி மேசையில் இடிக்க ஆரம்பித்ததிலிருந்து சலவைக்கடையில் யாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வயிற்றைப் பார்த்தே பேசினார்கள். கல்யாணம் ஆகாதவள். தெருவின் வாய்க்குக் கேட்கவா வேண்டும்! அண்ணன் ஒருவன்தான், "என் தங்கச்சி இல்லைன்னா இல்லைதான்" என்று எல்லோர் வாயையும் அடைத்தவன். ஸ்கேனில் கட்டி என்று தெரிந்ததும், "இப்ப என்ன சொல்றீங்க?" என்று தெருமுனைவரை போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

அறுவைசிகிச்சை முடிந்த மறுநாள், அதைச் செய்த டாக்டரம்மா வந்தார். அண்ணி கட்டிலருகே நின்றாள். அண்ணன் பால் வாங்கப் போயிருந்தான்.

"லேசுல வரலைம்மா. குடலோட பின்னிக்கிட்டுக் கிடந்துச்சு. உரிச்செடுக்கறதுக்குள்ள என் பாடு உன் பாடுன்னு ஆயிருச்சு. உள்ள பார்த்தா முடி, பல்லு!"

"பல்லா?"

"சூல்பையில வர்ற ஒருவிதக் கட்டி. பொறக்கும்போதே அதுக்கு விதை இருக்கும். பச்சப்புள்ளைக்குக்கூட வரும். எடுத்ததைத் தட்டுல வச்சு வீட்டாளுங்களுக்குக் காட்டறது இங்க வழக்கம். தட்டைப் பார்த்ததும் உங்கண்ணன் முகம் வெளுத்துப்போச்சு. 'இதுக்கு அப்பன் யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா'ன்னு கேட்டாரே, பார்க்கணும்!"

சிரித்துக்கொண்டே அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவள் அண்ணி பக்கம் தலையைத் திருப்பினாள்.

"நிஜமா அண்ணி?"

நாளெல்லாம் அவளைக் கரித்துக்கொட்டும் அண்ணி, தலையணையை இழுத்துச் சரிசெய்தாள். "அந்த மனுஷனுக்குப் புத்தி பிசகிருச்சு. 'ஏங்க, குக்கர் விசிலடிச்சாலே நடுங்குவா, அவளுக்கு ஏது அந்தத் தைரியம்'னு நான்தான் அதட்டினேன்."

சிரிப்பு வந்தது, தையல் சுண்டி இழுத்தது. கண்ணில் நீர் கட்டியது தையலால் அல்ல.

அண்ணன் பிளாஸ்க்கோடு வந்தான். இருவர் முகத்தையும் பார்த்தான். புரிந்துவிட்டது.

"அதான் டாக்டரே விளக்கிச் சொல்லிட்டாங்களே. இனி எவன் பேசுவான்?"

"நான் சொன்னேனேண்ணே."

"இல்லம்மா, அந்தப் பல்லைப் பார்த்ததும் ஒரு நிமிஷம்..."

"தெருவே என்னை மென்னு துப்பினப்ப நீ இருக்கேன்னு இருந்தேன். அந்த ஒரு நிமிஷம்தான் நீ என்னை நம்பணும்னு இருந்துச்சு."

அவன் பாலை ஊற்றி, தம்ளரை நீட்டினான். "சூடா இருக்கு. ஆத்தித் தரவா?"

"அங்க வை. அண்ணி ஆத்தித் தருவாங்க."